தெற்குக் கதவு

கிளெமென்சியா வடக்குக் கதவிலிருந்து முதுகை எடுக்கிறாள். காலையிலிருந்து அதை முட்டிய சூறாவளி சட்டென்று ஓய்ந்திருக்கிறது. கரீபியத் தீவான டொமினிக்காவின் மலைச்சரிவில் உள்ள அந்தத் தகரக்கூரை வீட்டுக்குள் வெயில்கூட விழுகிறது. தெற்குக் கதவைத் திறந்து வெளியே போன கணவன் இக்னேஷியஸ், உதிர்ந்த சீமைப்பலாக் காய்களைப் பொறுக்குகிறான். “வந்து வானத்தைப் பாரு. கழுவிவிட்ட மாதிரி இருக்கு.” “இது புயலோட கண்ணு. பாதிதான் போயிருக்கு. மீதி இந்தத் தெற்குப் பக்கமாத்தான் வரும். உள்ள வா.” “உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்” என்று சிரிக்கிறான். அவள் சாப்பாட்டு மேசையைத் தெற்குக் கதவுக்கு முட்டுக்கொடுக்க இழுத்து வருகிறாள். மலைக்கு அப்பால் லாரிகள் ஏறுவதுபோல் ஓர் இரைச்சல். அவன் சிரிப்பு நிற்கிறது. காய்களை மார்போடு அணைத்தபடி ஓடி வருகிறான். “அதப் போட்டுட்டு வா, மனுஷா.” கதவை ஒரு சாண் மட்டும் திறந்து இறுகப் பிடித்திருக்கிறாள். அதுவரை தொங்கிக் கிடந்த திரைச்சீலை, அவள் தோளருகே மெல்ல உள்நோக்கி உப்புகிறது.