எக்ஸ்எல் லேபிள்

"பொய்க்காரி."

காலை ஆறரைக்கு அந்த ஒரே வார்த்தைதான் போனில் வந்து விழுந்தது.

அலர்மேல்மங்கை குழந்தையின் பால் பாட்டிலைக் கீழே வைத்தாள். திட்டு அவளுக்குப் புதிதில்லை. குண்டான பெண்கள் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி உடுப்புகளைத் தானே உடுத்தி, படமெடுத்து, இன்ஸ்டாகிராமில் போடுகிறவள். பூசணிக்காய், லாரி, யானைக்குட்டி எல்லாம் கேட்டாகிவிட்டது. 'நம்பர் வெறும் நம்பர்தான்' என்று பக்கத்தின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

ஆனால் பொய்க்காரி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த செய்தி வந்தது.

"நான் சோஃபியா, நீலசந்திரா ஏரியா. உங்க நீலக் குர்த்தி எக்ஸ்எல்னு போட்டிருந்தீங்க. உங்களைவிட நான் கொஞ்சம் ஒல்லிதான்னு நினைச்சு, அதே கம்பெனி, அதே எக்ஸ்எல், ஆன்லைன்ல வாங்கினேன். தோளைத் தாண்டல. ஒண்ணு, நீங்க பொய் சொல்றீங்க. இல்ல, நான் அவ்ளோ அசிங்கமா இருக்கேன். திங்கக்கிழமை இன்டர்வியூ. ரெண்டு நாளா வெறும் தண்ணிதான் குடிக்கிறேன். எப்படியாவது அதுக்குள்ள நுழையணும்."

"ரித்விக், ஒரு பொண்ணு என்னால ரெண்டு நாளா சாப்பிடலையாம்!"

ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த கணவன் நிமிரவில்லை. "ப்ளாக் பண்ணிட்டு வேலையைப் பாரேன், அலர்."

"மயக்கம் போட்டு விழுந்தா?"

"நீ நிஜமா எக்ஸ்எல்தானே? அப்புறம் என்ன பயம்?"

எக்ஸ்எல்தான். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு குர்த்தியின் கழுத்தையும் புரட்டிப் பார்த்தாள். பதினொன்றும் எக்ஸ்எல். பதினொன்றும் மல்லேஸ்வரத்தில் மங்களம் ஆன்ட்டி கடையில் வாங்கியவை.

"முதல்ல சாப்பிடும்மா" என்று சோஃபியாவுக்கு எழுதினாள். பதில் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இன்னொரு தடவை எழுதினாள். குக்கர் விசிலடிக்கும்போது இன்னொரு தடவை. அதற்கும் பதில் இல்லை.

இருப்புக் கொள்ளவில்லை. குழந்தை தேஜஸை நெஞ்சோடு பையில் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். கடையின் ஷட்டர் ஏறும்போது வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனாய்து கண்ணு? என்னாச்சு, முகமெல்லாம் வேர்த்திருக்கு? குட்டியை இப்படிக் கொடு."

"அவன் இருக்கட்டும் ஆன்ட்டி. நான் போட்டிருக்கேனே, இதே நீலத்துல புதுசா ஒரு எக்ஸ்எல் எடுங்க."

மங்களத்தின் கை அலமாரிப் பக்கம் போய் அங்கேயே நின்றது. அலரே எட்டி எடுத்தாள். கவரைக் கிழித்து, தன் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் இடுப்பு இரண்டு பக்கமும் நாலு விரல் வெளியே தெரிந்தது.

புதியதன் கழுத்தைப் புரட்டினாள். லேபிளில் மெஷின் தையல். தான் போட்டிருந்ததன் கழுத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். அங்கே கைத்தையல்.

"யார் மாத்தினது?"

"நான்தான்."

"ஏன் ஆன்ட்டி? ஒரு பொண்ணு அங்க பட்டினி கிடக்கறா. ஊரெல்லாம் என்னைப் பொய்க்காரின்னு சொல்லப் போறது!"

அலர் போனை எடுத்து வீடியோவைத் தட்டி, மங்களத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சொல்லுங்க. நாற்பதாயிரம் பேர் பார்க்கட்டும். எதுக்கு லேபிளை மாத்தினீங்க?"

மங்களம் போனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள்.

"வியாபாரத்துக்குத்தான். ஆசை. அப்படியே போட்டுடு கண்ணு. கடை பேரையும் சேர்த்துப் போட்டுக்கோ."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாளே! அலருக்கு அதுதான் இடித்தது. வீடியோவை நிறுத்தினாள்.

"வியாபாரம்னா எல்லாத்துலயும் மாத்தியிருக்கணுமே? என்னோடதுல மட்டும் ஏன்?"

"அணைச்சிட்டியா?"

"அணைச்சாச்சு."

மங்களம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவன் ரெண்டு மாசக் குழந்தை அப்போ. நீ முதல் தடவை வந்த. ட்ரயல் ரூம்ல ஃபோர் எக்ஸ்எல் போட்ட. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்திருக்கும். ஆனா நீ வெளியே வரல. முக்கா மணி நேரம். இவன் என் கையில கத்தறான், நீ உள்ள அழற. 'இந்த நம்பர் நான் இல்ல ஆன்ட்டி'ன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிட்ட."

அலர் குழந்தையின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மறு வாரம் வந்த. அதே குர்த்திதான். கழுத்துல எக்ஸ்எல் தைச்சு வெச்சிருந்தேன். போட்டுக்கிட்டு வெளியே வந்து சிரிச்ச பாரு! உன்னோட முதல் படம் அன்னிக்குத்தான், இதோ இந்தக் கண்ணாடி முன்னால எடுத்த. அதுக்கப்புறம் எந்த மனசோட நான் அதைப் பிரிப்பேன்? நீ வாங்கினது எல்லாத்துக்கும் அதே லேபிள்தான்."

தேஜஸ் சிணுங்கினான். மங்களம் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அலர் போய் அதே கண்ணாடி முன் நின்றாள். போனைத் தன் பக்கம் திருப்பி வீடியோவைத் தட்டினாள்.

"சோஃபியா, எழுந்து சாப்பிடும்மா. உன் உடம்புல ஒரு தப்பும் இல்ல. என்னோட சைஸ் வந்து..."

பேச்சு நின்றுவிட்டது. அழித்தாள்.

"சோஃபியா, என்னோட சைஸ்..."

மறுபடியும் அழித்தாள்.

நம்பர் வெறும் நம்பர்தான் என்று ஒரு வருஷமாய் ஊருக்கெல்லாம் சொன்ன வாய்க்கு, தன் நம்பர் ஆறாவது தடவைதான் வந்தது.

"ஃபோர் எக்ஸ்எல்."