கடைசி இரண்டு போல்ட்டுகள்

அப்பா இறந்த பிறகு அந்தக் கார் ஷெட்டை விட்டு நகரவேயில்லை. தங்கைக்குத் தொலைவில் வேலை கிடைத்ததும், அதை ஓடவைத்து அவளுக்கே கொடுத்துவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தான். அதற்கு எஞ்சினை இறக்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள்.

மற்றவையெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்தன. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் போல்ட்டுகளில் இரண்டு மட்டும் துருவேறி அடம்பிடித்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்தும் பயனில்லை. அண்ணன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகினால், மேலே மறுமுனையில் இருந்த நட்டும் கூடவே சுற்றியது.

"நட்ட கெட்டியா பிடி. விட்றாத," என்றான்.

நட்டு நின்றது. அவன் இரண்டு கையாலும் ஸ்பேனரை இழுத்தான். போல்ட் கிறீச்சிட்டுக்கொண்டே கழன்று நெஞ்சில் விழுந்தது.

"அப்படிப் போடு! தேறிட்ட நீ."

"யாரு கூட பேசிட்டிருக்க?"

தங்கையின் குரல் வாசலிலிருந்து வந்தது. காருக்கு அடியிலிருந்து பார்த்தபோது அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன, அதுவும் ஷெட்டுக்கு வெளியே.

"டீ போடப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? இப்பதான் வரேன். வெளிய வாண்ணா, போதும்."

"இன்னும் ஒண்ணுதான்."

அவன் இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். மேலே, நட்டின் மீது இன்னொரு ஸ்பேனர் மெல்ல உட்காரும் சத்தம் கேட்டது. தங்கையின் கால்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க, அப்பா," என்றான்.