நகம் கடிக்காத அரையிறுதி

பெனால்டி வரை இழுத்தடித்த அந்த அரையிறுதி ஆட்டத்தில், எங்கள் அணிக்காக நான் ஒரு நகத்தைக்கூடக் கடிக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. போன தடவை ஆட்டம் பார்க்கையில் சோபா தலையணையில் பாதியைத் தின்று தீர்த்தேன். தொட்டி மீன்கள் என் கூச்சலுக்குப் பயந்து, விசில் ஊதும்வரை கல்லுக்கு அடியிலேயே குடியிருந்தன. அதற்குப் பிறகுதான் டாக்டர், பார்ப்பதானால் பார்க்கலாம், பதறக் கூடாது என்றார்.

நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் அதைச் சட்டமாக்கிவிட்டாள். நான் ஒரு தரம் கத்தினாலோ குதித்தாலோ டிவி அணைந்துவிடும். அடுத்த வாரம் இறுதி ஆட்டமும் கிடையாது. காவலுக்கு அவள் அம்மா, ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு.

"இவராவது, பதறாம இருக்கிறதாவது," என்று என் மனைவி மகளிடம் போனில் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியே. "பத்து நிமிஷத்துல அணைச்சிடுவேன் பாரு."

அவளுக்குக் கால்பந்தே ஆகாது. 'உதைக்கிற கூத்து' என்பாள். கோல் கம்பத்துக்கும் கொடிக் கம்பத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று நான் சூடம் அடித்துச் சொல்லியிருப்பேன்.

நானோ ரயில்வேயில் சிக்னல் கேபினில் இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ ரயில்கள் என் மூக்கை உரசிக்கொண்டு போயிருக்கின்றன, ஒன்றுக்கும் பதறியதில்லை. ஏனென்றால் முந்தைய நிலையத்திலிருந்து மணி வந்துவிடும். வரப்போவது முன்கூட்டியே தெரிந்தவனுக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்?

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் டிவியில் ஆட்டம் இணையம் வழியாக வருகிறது. வானொலி வர்ணனைக்கு அரை நிமிடம் பின்னால்தான் அது மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். இழுப்பறையில் வருஷக்கணக்காகத் தூங்கிய என் காது மெஷினை எழுப்பி, செல்போனோடு இணைத்து, வானொலியைப் போட்டு மாட்டிக்கொண்டேன். அது இல்லாமலும் எனக்கு நன்றாகவே கேட்கும். மனைவி கடைக்குப் போகச் சொல்லும்போது மட்டுந்தான் கொஞ்சம் மந்தம்.

"இன்னைக்காவது நான் சொல்றது காதுல விழட்டும்," என்றாள் அவள். பிறகு பக்கத்து நாற்காலியில் உருளைக்கிழங்குத் தட்டோடு உட்கார்ந்து, தன் காதிலும் ஒரு இயர்போனைச் செருகிக்கொண்டாள். சமையல் குறிப்பு கேட்கிறாளாம்.

ஆட்டம் சூடு பிடித்தது. என் காதுக்குள் எதிரணி கோல் போட்டது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிப் பின்னறைக்கு ஓடினேன். தலையணையில் முகத்தைப் புதைத்து, ஏழு ஊர் நாய்களும் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு அலறல். அதே நொடி ஹாலில் தட்டு விழுந்து உருண்டது. என் அலறலில் வீடே அதிர்ந்துவிட்டதென்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் டிவியில் அந்தக் கோல் விழுந்தது. நான் மைல்கல் மாதிரி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள் மனைவி, உருண்ட கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டே.

விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்றேன்.

எங்கள் ஆள் சமன் செய்தபோது இன்னொரு தரம் தண்ணீர். பெனால்டி ஆரம்பித்ததும் தண்ணீர் தண்ணீரென்று நான் நடந்த நடையில், ஒட்டகம் வந்து என்னிடம் பாடம் படித்திருக்கலாம். மனைவி சீவிக்கொண்டிருந்த கிழங்கு, சீவச் சீவக் கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. அப்படி என்ன சமையல் குறிப்போ.

எதிரணியின் கடைசி உதை. எங்கள் கீப்பர் தடுத்தால் ஜெயித்தோம். அந்த நேரம் பார்த்துக் காது மெஷின் இரண்டு தரம் 'பீப்' என்று அழுது உயிரை விட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

மணி வராத நிலையத்தில் ரயிலுக்கு நிற்பது எப்படியென்று அன்றுதான் கண்டேன். டிவியில் அந்தத் தடியன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். என் தொண்டைக்குள் ஒரு நீராவி எஞ்சின் ஊதத் தயாராக நின்றது. கட்டைவிரல் தானாகவே வாய்க்குக் கிளம்பியது. மனைவியின் இடுப்பிலோ ரிமோட்.

"மூச்ச விடுங்க," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "இடது பக்கம் பாய்வாரு. பிடிச்சிடுவாரு."

கீப்பர் இடது பக்கம் பாய்ந்தார். பிடித்துவிட்டார்.

நான் கத்தவில்லை. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவளைப் பார்த்த ஆச்சரியத்தில் அது அப்படியே திறந்து கிடந்தது.

உடனே மகள் போன் செய்தாள். பத்து நகமும் பத்திரம், இறுதி ஆட்டம் எனக்குத்தான் என்று மார்தட்டினேன். அவள் நம்புவாளா? "கதை விடாதீங்கப்பா. அம்மாகிட்ட குடுங்க."

மனைவி அவசரமாக இயர்போனைப் பிடுங்கினாள். அதன் ஒயரோடு, முந்தானைக்குள் இருந்த ஒரு பொடி ரேடியோ வெளியே வந்து விழுந்தது, ஒயர் கழன்றுகொண்டது. சாயங்காலம் முழுக்க என் காதுக்குள் கத்திய அதே வர்ணனையாளர், இப்போது ஹால் அதிர, "இடது பக்கம் என்னவொரு பாய்ச்சல்" என்று இன்னும் புகழ்ந்து மாய்ந்துகொண்டிருந்தார்.

அவள் என்னைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்தாள்.

"நிஜந்தான்டி, உங்கப்பா பதறவே இல்ல. பதறினது நான்தான்."