கொற்றநங்கையின் வாள்

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வாள் ஒன்று படுத்திருந்தது. இளவரசி கொற்றநங்கைக்கென்றே செய்த வாள். படத்துக்கு மூலமான நாவலில் அவள் கோட்டை வாசலில் தனியாளாக நின்று பன்னிரண்டு பேரை வெட்டிச் சாய்க்கிறாள் என்று பட்டறையில் கேட்டதிலிருந்து அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஆனால் தினமும் அழைப்பு வந்தது, பக்கத்திலிருந்த, அழுகைக் காட்சிக்குக் கண்ணீர் வரவழைக்கும் கிளிசரின் புட்டிக்குத்தான்.

"இன்னிக்கு என்ன சீன், அக்கா?"

"கோட்டை வாசல்."

"ஐயோ, அது என் சீனாச்சே! வெட்டினாளா?"

"எங்க வெட்டுறது? 'யாராவது காப்பாத்துங்க'ன்னு கதறினா. எனக்குப் பாதி உசுரு போயிடுச்சு. அப்புறம் ஹீரோ குதிரையில வந்துட்டார்."

"அந்தப் பன்னிரண்டு பேரு?"

"அவரே பார்த்துக்கிட்டார்."

"அப்போ என்னை எதுக்குச் செஞ்சாங்க?"



கடைசி நாள், படப்பிடிப்பு முடிந்ததற்குப் பூசணிக்காய் உடைக்கப் போனார்கள். இளவரசியாக நடித்தவள், "இருங்க" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து வாளை எடுத்தாள். ஒரே வீச்சு. பெரிய காய் இரண்டாகப் பிளந்து பக்கத்துக்கு ஒன்றாக உருண்டது. யூனிட்டே கைதட்டியது.

பெட்டிக்குத் திரும்பியதும் வாள் மூச்சு வாங்கக் கேட்டது: "ஷாட் எடுத்தாங்களா, அக்கா?"

"கேமராவை அப்பவே மூடி வண்டியில ஏத்திட்டாங்களே, தம்பி."