கட்டியது ஐயாசாமிதான்

"அழிடா அதை!"

ஐயாசாமி கங்காணி போட்ட சத்தத்தில் தங்கராஜுவின் தூரிகை கை நழுவி விழுந்தது. விடிந்தால் மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம். மலாயாவில், கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமே தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தது. இவர் ஒருவர் மட்டும் வாசல் பலகையை முறைத்துக்கொண்டு நின்றார்.

"'ஐயாசாமியும் லயத்து மக்களும் இக்கோயிலைக் கட்டினார்கள்'னு சரியாத்தானே எழுதியிருக்கேன்?"

"லயத்து மக்கள் வேணாம்."

"சரி, 'ஐயாசாமி இக்கோயிலைக் கட்டினார்'னு மாத்திடறேன்."

"அதுவும் பத்தாது. கோயில் கட்டின சேதி யாருக்கு வேணும்? 'இக்கோயிலைக் கட்டியது ஐயாசாமிதான்'னு எழுது. படிக்கிறவன் வேற ஆளைத் தேடவே கூடாது!"

பக்கத்தில் நின்ற, கூலி லயத்து வீட்டு வெள்ளையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் மண் சுமந்தவள் அவள்.

"கம்பெனி ஸ்டோர்லேருந்து மரப்பலகை தூக்கியாந்தது எங்க வீட்டுக்காரரு. மண்ணு சுமந்தது நானு. பேரு மட்டும் உங்களுக்கா? நல்லாருக்கு நியாயம்!"

கங்காணி தூரிகையை எடுத்துத் தங்கராஜு கையில் கொடுத்தார். பலகையில் எழுத்து மாறியது.

மறுநாள் கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரம். உறுமி மேளம் காதைப் பிளந்தது. லீவில் சீமைக்குப் போயிருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை திடுதிப்பென்று வந்து இறங்கினார்! கூடவே கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி.

துரை போட்ட கூச்சலைக் கிராணி தமிழில் சொன்னார்: "கம்பெனி நிலத்திலை, கம்பெனிப் பலகையிலை, கேளாமல் கட்டினது ஆர் எண்டு கேக்கிறார். கட்டின அத்தனை பேரும் இண்டைக்கே தோட்டத்தை விட்டுப் போகவேணுமாம்."

மேளம் நின்றது. வெள்ளையம்மா புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கங்காணி முன்னால் வந்து பலகையைக் காட்டினார். "அதைப் படிச்சுச் சொல்லுங்க துரைக்கு."

கிராணி படித்துச் சொன்னார். துரை கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். எல்லாரையும் விரட்டினால் ரப்பர் மரம் சீவ ஆளேது என்று யோசித்தாரோ என்னவோ, கங்காணிக்கு மட்டும் வேலைச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போனார். கோயில் தப்பியது.

டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவர் பின்னால் வெள்ளையம்மா ஓடினாள்.

"துரை இப்படிப் பண்ணுவாருன்னு முன்னமே தெரியுமா?"

"துரையின்ரை காயிதம் வந்த உடனை, போன கிழமையே கங்காணியிட்டை நான் சொல்லிப்போட்டன்" என்றார் பக்கத்தில் நின்ற கிராணி.

அவள் பெட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணே?"

கங்காணி சிரித்தார்.

"சொல்லியிருந்தா, உன் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னிருப்பியே, வெள்ளையம்மா!"