நான்காவது பப்பாளி டப்பா

கார் ஓடாத ஞாயிறு காலை. ஜகார்த்தாவின் சுதிர்மான் சாலையில் எங்கள் ஓட்டக் குழுவில் வந்திருந்தவர்கள்: பீமோ, ராத்ரி, காலாங். பைகளுக்குக் காவலாக நான். வராதவள் வெனிங். ஓடி முடித்ததும் தின்ன, வழக்கம்போல நான்கு டப்பா பப்பாளி வெட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பாதி தூரம் ஓடித் திரும்பிய காலாங்கை, பீமோ என் எதிரிலேயே மறித்தான்.

“நில்லுடா. இடுப்புப் பையில இன்னொரு போன் யாருக்கு?”

“அப்புறம் சொல்றேன். வழி விடு.”

“வெனிங் இங்க தலையே காட்டறதில்ல. ஆனா நீ ஓடுற நேரத்துக்கு, நம்ம ஓட்டக் கணக்குச் செயலியில அவ தூரமும் ஏறுது. அவளுக்கு நீ ஜோக்கிதானே?”

கூலிக்கு அடுத்தவர் பெயரில் ஓடிக் கொடுப்பவனுக்கு இங்கே அந்தப் பெயர்.

அண்ணனை அழைப்பதுபோல ‘மாஸ்’ போட்டு, ராத்ரி காலாங்கைப் பார்த்துச் சிரித்தாள். “என்ன ரேட்டு மாஸ்? சொன்னா நானும் வீட்ல தூங்குவேன்.”

“அவ பேரை இப்பவே குழுவிலேருந்து எடுக்கிறேன். உன் பேரையும்!” என்றான் பீமோ.

“என் பேரை எடுத்துக்கோ. அவ பேரைத் தொடாதே. அதைப் பார்த்துத்தான் அவ காலையில எழுந்திருக்கிறா.”

“எழுந்து? மறுபடி படுக்கவா?”

பீமோ பையைத் திறந்து போனைப் பிடுங்கினான். அதில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினான். எங்கோ கோழி கூவியது. மூச்சு வாங்க, வெனிங்கின் குரல் வந்தது.

“மாஸ், ஏன் நின்னுட்டே? எனக்கு இந்தச் சந்துல இன்னும் பாதி பாக்கி. நீ ஓடு. உன் காலடி கேட்டாத்தான் என் கால் நகருது.”

காலாங் போனுக்குக் கை நீட்டினான். அதற்குள் வெனிங் மறுபடி பேசினாள்.

“யாரோ கத்தின மாதிரி இருந்துச்சே, பீமோவா? போனை மறைச்சுக்கோ மாஸ். நான் ஓடுறதைப் படம் புடிச்சு, ‘பூகம்பம்’னு பேர் வச்சு ஊரெல்லாம் அனுப்பினான். இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.”

காலாங் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

ராத்ரி என்னிடம் வந்தாள். அவர்களுக்கு நான் ‘பாக்’, அதாவது ஐயா. “பாக், வெனிங் டப்பாவைக் கொடுங்க. அவ சந்து மங்காராய்லதானே? ஓடியே போயிடறேன்.” தன்னுடையதையும் எடுத்துக்கொண்டாள்.

காலாங் மீதியையும் ஓடி முடித்து வந்து, தன் பப்பாளியைத் தின்றான். பீமோ தன் டப்பாவைக் கேட்காமலே போய்விட்டான்.

எல்லா ஞாயிறும் வெனிங்கின் டப்பாதான் மிஞ்சும். அன்றும் மிச்சம் ஒன்று.