அரைக் கிலோ

குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு அரைக் கிலோ கூடியிருந்தது.

"நேத்து நல்ல வேட்டையோ?" என்றாள் நடுவர்.

பெண்ணின் அப்பாவும் பயிற்சியாளருமான மாஸ்டர் பதறினார். "ஐயோ, என் பொண்ணு பல்லுல பச்சைத்தண்ணி படலம்மா. கடுமையான பயிற்சியில தசை நொந்து நீர் கோத்திருக்கு. வேர்த்தா இறங்கிடும்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

கூட்டமே திரும்பிப் பார்க்க, அவர் தொண்டை கிழியச் சொன்னார்.

"போய் ஓடிட்டு வாம்மா. விதிப்படி ஒரு மணி நேரம் அவகாசம் உண்டு," என்றாள் நடுவர்.

மாஸ்டர் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும்மா!"

"எனக்கும் அந்த அவகாசம் இருந்துச்சு மாஸ்டர். இதையே நான் அழுது கெஞ்சிச் சொன்னப்ப, தின்னிமாடுன்னு திட்டி அணியை விட்டே துரத்தினீங்க."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நடுவர் இத்தனை வருடம் காத்திருந்தது அந்தப் பார்வைக்காகத்தான்.